சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு ஆவணம்: நோட்டரி, அப்போஸ்டில், பவர் பத்திரம்

ஊர் நிலத்தை விற்க அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, இங்கே படித்த பட்டத்துக்கு முத்திரை கேட்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வேறொரு நாட்டுப் பள்ளியில் காட்ட வேண்டி வரும். அப்போதுதான் நம்மில் பலர் ‘அப்போஸ்டில்’ என்ற சொல்லையே முதலில் கேள்விப்படுகிறோம். உடனே நண்பரிடம் கேட்போம். அவர் ஐந்து வருடத்துக்கு முன் தான் போன வழியைச் சொல்வார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் நடுவில் நடைமுறை மாறிவிட்டது.

2021 செப்டம்பர் 16 வரை சிங்கப்பூர் ஆவணம் ஒன்று வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் பல கதவுகளைத் தட்ட வேண்டும். நோட்டரி, அகாடமி ஆஃப் லா, வெளியுறவு அமைச்சு, கடைசியில் அந்த நாட்டுத் தூதரகம். 1961 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூருக்கும் நடைமுறைக்கு வந்த பிறகு, உறுப்பு நாடுகளுக்குப் போகும் தாளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும் என்றாகிவிட்டது. அதைக் கொடுப்பது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. எல்லாரும் சுருக்கமாக எஸ்ஏஎல் என்பார்கள். டாங்லினில் உள்ள வெளியுறவு அமைச்சுக்குப் போகச் சொல்லும் பழைய குறிப்பு எதையாவது இணையத்தில் பார்த்தால், அதை அப்படியே மூடிவிடுங்கள்.

அந்த முத்திரை எதைச் சான்றளிக்கிறது?

அப்போஸ்டில் என்பது எண்ணிட்ட பத்து விவரங்கள் கொண்ட ஒரு சிறு சான்றிதழ். எந்த நாட்டு ஆவணம், யார் கையெழுத்திட்டார், என்ன பதவியில் கையெழுத்திட்டார், யாருடைய முத்திரை இருக்கிறது, எங்கே, எப்போது, யாரால் கொடுக்கப்பட்டது, எண் என்ன என்று வரிசையாக இருக்கும். அவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. உங்கள் பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருந்தால், அப்போஸ்டில் வாங்கிய பிறகும் தப்பாகவே இருக்கும். “அப்போஸ்டில் போட்டாச்சு, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது” என்று சில ஏஜெண்டுகள் சொல்வதை நம்ப வேண்டாம். ஊரில் உள்ள அதிகாரி கையெழுத்தைச் சந்தேகிக்க மாட்டார். ஆனால் மற்ற எல்லாவற்றையும் கேட்பார்.

முதல் படி: தாளை வாங்கப் போகிறவரிடம் கேளுங்கள்

என்னைக் கேட்டால், பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. நோட்டரியிடம் ஓடுவதற்கு முன்பு, அந்தத் தாளை வாங்கப்போகும் அலுவலகத்திடம் பேசுங்கள். அது சார்பதிவாளர் அலுவலகமாக இருக்கலாம், பல்கலைக்கழகமாக இருக்கலாம், வங்கியாகவும் இருக்கலாம். மூலச் சான்றிதழ் வேண்டுமா, நகல் போதுமா? எந்த மொழியில் இருக்க வேண்டும்? அப்போஸ்டில் ஏற்பார்களா, தூதரக முத்திரைதான் வேண்டும் என்பார்களா? எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. போனில் “சரி சார், கொண்டு வாங்க” என்றவர், நீங்கள் கொண்டு போகும் அன்று விடுப்பில் இருப்பார்.

அடுத்து, அந்த நாடு ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியா 2005 ஜூலையிலிருந்தே இருக்கிறது. சீனாவுக்கு 2023 நவம்பரிலும் கனடாவுக்கு 2024 ஜனவரியிலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பட்டியல் வளர்ந்துகொண்டே போவதால், மலேசியாவுக்கோ இலங்கைக்கோ வளைகுடா நாடு ஒன்றுக்கோ அனுப்புவதாக இருந்தால் ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பட்டியலில் இல்லாத நாடு என்றால் எஸ்ஏஎல் கொடுக்கும் சான்றுக்குப் பிறகு, சிங்கப்பூரில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் போக வேண்டும். சில நாடுகளில் தாள் போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சின் முத்திரையும் கேட்பார்கள். அதற்கேற்ப நாளையும் காசையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: உங்கள் கையில் இருப்பது எந்த வகைத் தாள்?

அரசு கொடுத்த தாள் ஒரு வகை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் தரும் பிறப்பு, இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவகச் சான்றிதழ், போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று, நீதிமன்ற உத்தரவு போன்றவை இதில் வரும். இவற்றை நேரே எஸ்ஏஎல்லிடம் கொண்டு போகலாம், நடுவில் நோட்டரி தேவையில்லை. கட்டணமும் குறைவு, ஒரு தாளுக்குப் பத்து வெள்ளியை ஒட்டித்தான் வரும்.

நீங்களோ ஒரு தனியார் நிறுவனமோ எழுதிய தாள் இன்னொரு வகை. பவர் பத்திரம், உறுதிமொழி, கம்பெனிக் கடிதம், தனியார் கல்வி நிலையத்தின் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் இதில் அடக்கம். இவை முதலில் நோட்டரி பப்ளிக்கிடம் போக வேண்டும். எஸ்ஏஎல் சான்றளிப்பது அந்த நோட்டரியின் கையெழுத்தைத்தான், உங்களுடையதை அல்ல.

இப்போது ஒரு குழப்பம் புதிதாக வந்திருக்கிறது. 2022 மே 29-இலிருந்து சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்வடிவில்தான் வருகின்றன. சிங்பாஸ் வழியாக இறக்கிய கோப்பை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். அதைக் கைபேசித் திரையில் படம்பிடித்து அச்சிட்ட தாளை எந்த மேசையிலும் நீட்டாதீர்கள். பழைய காகிதச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் முக்கியமான தாள் என்றாலே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடும் பழக்கம் உண்டு. அதன் மேல் முத்திரையும் குத்த முடியாது, சான்றிதழும் இணைக்க முடியாது.

மூன்றாவது: நோட்டரியின் மேசையில்

நோட்டரி பப்ளிக் என்பவர் பல ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். ஊரில் நீதிமன்ற வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். பீப்பிள்ஸ் பார்க் சென்டர், பெனின்சுலா பிளாசா போன்ற கட்டடங்களில் சட்ட அலுவலகங்கள் நெருக்கமாக இருக்கின்றன. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். ‘கமிஷனர் ஃபார் ஓத்ஸ்’ என்ற பலகையும் அதே மாடிகளில் தென்படும். உள்ளூர் உபயோகத்துக்கான உறுதிமொழிக்கு அவர் போதும், வெளிநாட்டுக்குப் போகும் தாளுக்கு நோட்டரியே வேண்டும். ஒருவரே இரண்டாகவும் இருப்பதுண்டு. ஆகவே எதற்காக வந்திருக்கிறீர்கள், எந்த நாட்டுக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அவர் பார்க்க, அவர் முன்னால் போட வேண்டும் என்பதுதான் இதன் சாரமே. பாஸ்போர்ட்டின் மூலம், ஒர்க் பெர்மிட் அல்லது அடையாள அட்டை, பத்திரத்தின் அச்சுப் பிரதி, ஊர்ப் பத்திரமாக இருந்தால் புகைப்படங்கள், சாட்சிகளுக்கு இடம் விட்டிருந்தால் சாட்சிகளும் அவர்களுடைய அடையாள ஆவணங்களும் வேண்டும். பத்திரத்தில் தேதி தவிர வேறெந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது. “அதை அங்கே போய் நிரப்பிக்கலாம்” என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பத்திரம் தமிழில் மட்டும் இருந்தால், தமிழ் படிக்கத் தெரியாத நோட்டரி மறுக்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தயாரிப்பது சுலபம். இல்லையென்றால் தமிழ் தெரிந்த நோட்டரியைத் தேடுங்கள், இங்கே அதற்குப் பஞ்சமில்லை.

உங்கள் கையெழுத்து முடிந்ததும் நோட்டரி தனியாக ஒரு சான்றிதழ் எழுதி, தாள்களோடு சேர்த்துக் கட்டி, தன் முத்திரையை அழுத்துவார். விரலால் தடவினால் எழுத்து மேடு தட்டும். அந்தக் கட்டு அப்படியே இருக்க வேண்டும். ஸ்கேன் எடுப்பதற்காகவோ ஜெராக்ஸ் போடுவதற்காகவோ ஸ்டேபிளைக் கழற்றினால், பெறும் அலுவலகம் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, நடுவில் தாள் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படும். தாளை மடக்கித் திருப்பி ஸ்கேன் எடுங்கள், மூலை கொஞ்சம் மறைந்தாலும் பரவாயில்லை.

2019 அக்டோபர் 1 முதல், சிங்கப்பூர் நோட்டரி கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் எஸ்ஏஎல் அத்தாட்சி கட்டாயம். பெரும்பாலான நோட்டரி அலுவலகங்கள் அதையும் தாங்களே இணையத்தில் பதிந்து வாங்கிக் கொடுத்துவிடும். இதற்கு எஸ்ஏஎல் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 80-லிருந்து 90 வெள்ளிக்குள் வரும், நோட்டரியின் கட்டணம் தனி. அவர்களுடைய கட்டணத்துக்கும் சட்ட விதியில் அட்டவணை உண்டு, எனவே விவரமாகப் பிரித்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஒரே காரியத்துக்கான பல தாள்களை ஒரே சான்றிதழுக்குள் கொண்டுவர முடியுமா என்றும் கேளுங்கள். எஸ்ஏஎல் கட்டணம் சான்றிதழ் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பவர் பத்திரம்: இதைக் கொஞ்சம் விரிவாக

சிங்கப்பூர்த் தமிழர் அதிகம் அலைவது இதற்குத்தான். எனவே தமிழ்நாட்டுச் சொத்தை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

இந்தியாவில் இல்லாத ஒருவர், பத்திரப் பதிவுக்காக இன்னொருவருக்குப் பவர் கொடுப்பது எப்படி என்பதை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டரி பப்ளிக், நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர்களில் ஒருவர் முன்னிலையில் எழுதி, அவர் அத்தாட்சியுடன் இருக்க வேண்டும். ஆக, சிங்கப்பூரில் இருப்பவருக்கு இரண்டு வழி. ஒன்று கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகம். மற்றது நோட்டரியும் அதன் மேல் அப்போஸ்டிலும்.

இந்தியக் குடிமக்களுக்குத் தூதரக வழி செலவு குறைவு. தமிழ்நாட்டுச் சார்பதிவாளர்களின் கண்ணுக்கும் பழகிய முத்திரை அது. தூதரக அதிகாரி அத்தாட்சி கொடுத்த தாளுக்கு அப்போஸ்டில் தேவையில்லை, ஹேக் உடன்படிக்கையே அத்தகைய தாள்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. சிலர் தூதரகத்தில் முடித்துவிட்டு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று எஸ்ஏஎல்லுக்கும் ஓடுவார்கள். வீண் அலைச்சல். நோட்டரி வழியில் செலவு அதிகம், ஆனால் நேரம் உங்கள் வசதிப்படி அமையும். தூதரக வேலை நேரத்தில் லீவு கிடைக்காத கட்டுமானத் தொழிலாளிக்கும் ஷிப்ட் நர்ஸுக்கும் இது பெரிய விஷயம். எதைத் தேர்ந்தெடுப்பதானாலும், சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அவரிடம் அண்ணனையோ தம்பியையோ நேரில் அனுப்பி, “சிங்கப்பூர் அப்போஸ்டில் வாங்கிக்குவீங்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். சட்டப்படி செல்லும் என்றாலும் வழக்கமில்லாத முத்திரையைப் பார்த்தால் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு.

வாசகத்தை ஊரில் உள்ள ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ எழுதட்டும். இங்கே இணையத்தில் கிடைக்கும் பொதுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டாம். விற்பதற்கா, பராமரிப்பதற்கா, வழக்கு நடத்துவதற்கா என்று நோக்கம் தெளிவாக இருக்கட்டும். கிராமம், வட்டம், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் மூலப் பத்திரத்தில் இருப்பதுபோலவே வர வேண்டும். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் “எல்லாச் சொத்தையும்” என்று மொத்தமாக எழுதிக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு மனையை விற்க வேண்டும் என்றால் அந்த ஒரு மனைக்கு மட்டும் பவர் கொடுங்கள். பணம் யார் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

தாளை ஊருக்கு அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. அதனால் கூரியர் உறையை அம்மா குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை செலுத்திய பிறகே பவர் வாங்கியவர் அதை வைத்து எதையும் பதிய முடியும். குடும்பத்தாருக்குக் கொடுக்கும் பவருக்கும் வெளியாருக்குக் கொடுப்பதற்கும் கட்டணம் வேறுபடும். பவரை வைத்து விற்பனைப் பத்திரம் பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான ஆயுள் சான்றையும் தமிழ்நாட்டில் கேட்பார்கள். விற்பனைத் தேதி முடிவான பிறகு அதை வாங்கி அனுப்பினால் போதும், முன்கூட்டியே வாங்கினால் பழையதாகிவிடும்.

பிற்காலத்தில் பவரை ரத்து செய்ய வேண்டி வந்தால், அதற்கும் ஒரு ரத்துப் பத்திரம் எழுதி, இதே வழியில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். “இனி செல்லாது” என்று தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி சார்பதிவாளரைக் கட்டுப்படுத்தாது.

பெயர்

முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தும் தாள் திரும்பி வருகிறதென்றால், முக்கால்வாசிக் காரணம் பெயர்தான். முருகன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். பட்டாவில் ‘ஆறுமுகம் மகன் முருகன்’. பள்ளிச் சான்றிதழில் ‘ஆ. முருகன்’. பாஸ்போர்ட்டில் ஆறுமுகம் குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே ஒர்க் பெர்மிட்டில் இரண்டும் சேர்ந்து ‘முருகன் ஆறுமுகம்’. சிங்கப்பூரில் பிறந்த அவர் அத்தை மகனுக்கோ நடுவில் ஒரு ‘எஸ்/ஓ’ இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டல் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதம். ஒன்றில் ஒரு ‘ஏ’, இன்னொன்றில் இரண்டு. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு.

பத்திரம் அச்சிடும் முன்பே எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி வைத்து, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முதலில் எழுதி, ‘என்கிற’ போட்டு, சொத்துப் பத்திரத்தில் உள்ள பெயரையும் தந்தை பெயரையும் அடுத்து எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தனியாக ஓர் உறுதிமொழி எழுதி, அதே நோட்டரியிடம் அதே வேளையில் முடித்துவிடுங்கள். அதற்கென்று இன்னொரு நாள் லீவு போடுவானேன்?

எதிர்த் திசை: ஊர்ச் சான்றிதழ் சிங்கப்பூருக்கு

இந்தியச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் கொடுப்பது புதுடில்லியின் வெளியுறவு அமைச்சகம். அதன் கட்டணம் ஒரு தாளுக்கு வெறும் 50 ரூபாய்தான். மீதி எல்லாம் ஏஜெண்டின் சேவைக் கட்டணமும் கூரியரும். அதற்கு முன்பு மாநில அளவில் அத்தாட்சி வாங்க வேண்டும். இந்திய முத்திரையை எஸ்ஏஎல்லிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் சிங்கப்பூர் ஆவணங்களுக்கு மட்டும்தான். எந்த நாட்டில் பிறந்த தாளோ அந்த நாடுதான் அதற்கு அப்போஸ்டில் தரும்.

ஆனால் அவசரப்பட்டுப் பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு மனிதவள அமைச்சு கேட்பது வேறு. 2023 செப்டம்பர் முதல், பட்டயமோ பட்டமோ விண்ணப்பத்தில் காட்டினால், பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்தோ பல்கலைக்கழகத்தின் சொந்த இணையச் சரிபார்ப்பிலிருந்தோ கிடைக்கும் சரிபார்ப்புச் சான்று வேண்டும். அப்போஸ்டில் அதற்கு ஈடாகாது. வழக்கமாக வேலை கொடுக்கும் நிறுவனமே இதைப் பார்த்துக்கொள்ளும். யார் செய்கிறார்கள், யார் செலவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நிரந்தரவாச விண்ணப்பம் போன்றவற்றுக்கு, தமிழில் மட்டும் உள்ள பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தூதரகத்திலோ நோட்டரி மூலமோ செய்ததாக இருக்க வேண்டும், நாமே தட்டச்சு செய்து கொடுப்பது எடுபடாது. ஊரில் இருக்கும்போதே நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ ஆங்கிலத்திலும் அச்சிட்ட சான்றிதழ் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் மொழிபெயர்ப்புச் செலவே இல்லை.

ஏஜெண்டுகள் பற்றி

சிராங்கூன் சாலைப் பக்கம் இந்த வேலைகளைச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் இல்லாதவருக்கு உபயோகம்தான். ஆனால் எது அரசுக் கட்டணம், எது நோட்டரி கட்டணம், எது தங்கள் கூலி என்று மூன்றாகப் பிரித்து ரசீது தர மறுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். “நீங்க வர வேண்டாம் அண்ணே, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க” என்கிறவரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டாம். நீங்கள் நேரில் போகாமல் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டதாக ஒரு தாள் உருவானால், பிற்காலத்தில் அந்த நிலத்தின் மேல் வழக்கு வரும்போது முதலில் உடைவது அந்தத் தாள்தான். பாஸ்போர்ட் மூலத்தையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

முத்திரை போட்ட தாள் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று பெயர், பாஸ்போர்ட் எண், பக்க எண்ணிக்கை சரிபாருங்கள். அப்போஸ்டில் எண்ணை எஸ்ஏஎல் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, விவரம் வருகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் இணைப்பை ஊரில் தாளைக் கொண்டு போகிறவருக்கும் அனுப்பி வையுங்கள். மேசையில் யாராவது புருவத்தை உயர்த்தினால், அவர்களையே கைபேசியில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.